பனியில் கொடுக்காத குரல்

பிள்ளைகளா,

பள்ளிக்கூட மலருக்காகப் பாப்பா எழுதி வைத்திருந்த நோட்டை நேற்று டிவிக்குப் பக்கத்தில் பார்த்தேன். 'எங்கள் சித்தப்பா' என்று தலைப்புப் போட்டிருந்தது. கீழே சின்னவன் பென்சிலில் ஒரு பந்து வரைந்து, அதற்குக் கண்ணும் வாயும் வைத்திருந்தான். இரண்டு தடவை படித்தேன். நன்றாக எழுதியிருக்கிறாய், பாப்பா. ஒரு வரி மட்டும் தப்பு. "புல்லில் வழுக்கி விழுந்து முழங்காலில் அடிபட்டதால் அவரால் தொடர்ந்து விளையாட முடியவில்லை" என்ற வரி.

அது உன் தப்பு இல்லை. உங்கள் சித்தப்பா எல்லோரிடமும் அப்படித்தான் சொன்னான். நானும் பக்கத்தில் நின்று ஆமாம் என்று தலையாட்டினேன். போன மழைக்காலத்தில் அவன் டீ ஃபேக்டரியில் தேயிலை வாட்டும் மாடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, எழுந்திருக்காமலே போய்விட்ட பிறகு, நடந்தது தெரிந்த ஆள் நான் ஒருவன்தான். நான் பத்தாவது வரைக்கும் படித்தவன். காரட் மூட்டைக்குச் சீட்டு எழுதுவதைத் தவிர எழுதிப் பழக்கமில்லை. ஆனால் வாயால் சொல்ல உட்கார்ந்தால் பாதியில் எழுந்து வண்டி கழுவப் போய்விடுவேன். என்னை எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் அவன் எப்படி ஆடினான் என்பதைச் சொல்கிறேன். நீங்கள் அவனைச் சாய்ந்து சாய்ந்து நடக்கிறவனாக மட்டுமே பார்த்தவர்கள்.

சின்ன வயதிலேயே அவன் பெரிய உடம்புக்காரன். ஆறாவது படிக்கும்போது எட்டாவது பையன்களின் சட்டை அவனுக்குச் சரியாக இருக்கும். வேகமாக ஓட வராது. தோட்டத்து கிரவுண்டில் டீம் பிரிக்கும்போது, "நீ பின்னாடி போய் நில்லுடா" என்று தள்ளிவிடுவார்கள். நான் அவனைவிட நாலு வயது மூத்தவன், கோல் கீப்பர். அதனால் சின்னதிலிருந்தே அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றவன் நான்தான். முன்னால் இருக்கிறவர்கள் எல்லாம் பந்துக்குப் பின்னால் ஓடுவார்கள். இவன் ஓட மாட்டான், நின்று பார்ப்பான். வருகிறவனுடைய காலைப் பார்க்க மாட்டான், இடுப்பைப் பார்ப்பான். "காலு பொய் சொல்லும்ணே, இடுப்பு பொய் சொல்லாது" என்பான். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, அவனாகக் கண்டுபிடித்தது.

வாயும் சும்மா இருக்காது. எதிர் டீம் ஆள் பந்தோடு வந்தால், "வாங்க வாங்க, டீ குடிச்சிட்டுப் போங்க" என்பான். வந்தவன் சிரித்துவிட்டாலோ கோபப்பட்டாலோ பந்து போய்விடும்.

பிளஸ் டூ முடித்ததும் கோயம்புத்தூரில் ஒரு காலேஜில் ஃபுட்பாலுக்காகவே இடம் கொடுத்தார்கள். ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் இலவசம். எங்கள் தோட்டத்து லைன் வீடுகளில் காலேஜுக்குப் போன முதல் ஆள் அவன். எங்கள் அம்மா அன்றைக்குக் கொழுந்து எடுக்கப் போன இடத்தில் எல்லாப் பெண்களுக்கும் கடலை மிட்டாய் கொடுத்தார்.

மூன்று வருஷம் அந்தக் காலேஜ் டீமில் ஸ்டாப்பர் பேக் ஆடினான். கோல் பக்கம் யாரையும் விடாமல் நடுவில் நிற்கிற இடம் அது. அந்த மூன்று வருஷத்தில் அவன் ஒரு கோல்கூட அடித்ததில்லை. பேப்பரில் கோல் அடித்தவன் பெயர்தான் வரும். அம்மா பேப்பரை வாங்கி வரச் சொல்லித் தேடிவிட்டு, "எம்மவன் பேரு இல்லையேடா, நெசமாவே ஆடுறானா, இல்ல ஊரு சுத்துறானா?" என்று கேட்பார்.

அதற்காகவே ஒரு தடவை நேரில் போய்ப் பார்த்தேன். மேட்டுப்பாளையம் மண்டியில் காரட்டை இறக்கிவிட்டு, வண்டியை அங்கேயே போட்டுவிட்டு, பஸ் பிடித்துப் போனேன். காலேஜுகளுக்குள் நடந்த போட்டியின் ஃபைனல். எதிர் டீமில் ஒருவன் காற்று மாதிரி ஓடினான். மூன்று பேரைத் தாண்டி வருவான். நாலாவதாக என் தம்பி நிற்பான். அவ்வளவுதான், பந்து திரும்பிப் போய்விடும். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர், "யாருங்க அந்தப் பையன்? கேட்டைச் சாத்துன மாதிரியில்ல நிக்கிறான்!" என்றார். என் தம்பி என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் அடுத்த பந்து வந்துவிட்டது. ஆட்டம் முடிந்ததும் தம்பி காட்ட, அவனுடைய கோச் என்னிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "சென்னையில செலக்‌ஷன் வருதுங்க. ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல கவர்மென்ட் வேலை. இவனுக்குக் கண்டிப்பா கெடைக்கும். ஒண்ணே ஒண்ணு, அது வரைக்கும் வேற எங்கயும் ஆட விட்டுடாதீங்க. முக்கியமா உங்க ஊர் கல்லு கிரவுண்டுல." சரிங்க என்றேன். வாக்குக் கொடுத்த மாதிரிதான்.

அந்த வேலை எங்களுக்கு என்ன என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். லைன் வீடு தோட்டத்தில் நிரந்தர வேலை இருக்கிறவர் பெயரில்தான் இருக்கும். அப்பா இறந்த பிறகு அம்மா பெயரில் இருந்தது. அம்மா ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தது. அதற்குப் பிறகு வீட்டில் வேறு யாராவது தோட்டத்தில் பெயர் பதியவேண்டும், இல்லையென்றால் வீட்டைக் காலி செய்யவேண்டும். எங்கள் அப்பா சின்னப் பையனாக சிலோன் தோட்டத்திலிருந்து கப்பலில் வந்தவர். அங்கேயும் லைன் வீடு, இங்கேயும் லைன் வீடு. "நான் செலக்ட் ஆனா நம்ம மூணு பேரும் சாவி நம்ம கையில இருக்கிற ஊட்டுக்குப் போயிரலாம்ணே" என்று அவன் சொல்லிக்கொண்டே இருப்பான்.

செலக்‌ஷனுக்குப் பதினெட்டு நாள் இருக்கும்போது தோட்டத்து மாரியம்மன் திருவிழா வந்தது. அவன் லீவு எடுத்துக்கொண்டு வந்தான். திருவிழாவின் மூன்றாம் நாள் மேல் டிவிஷனுக்கும் எங்கள் கீழ் டிவிஷனுக்கும் ஃபுட்பால் மேட்ச் நடக்கும். தொடர்ந்து நாலு வருஷம் நாங்கள் தோற்றிருந்தோம். அந்த வருஷம் மேல் டிவிஷன்காரர்கள் கூடலூரிலிருந்து ஒரு ஃபார்வர்டைக் கூட்டி வந்திருந்தார்கள். காலையிலிருந்து எங்கள் லைன் வாசலில் ஆட்கள் வந்து நின்றார்கள். "தம்பி ஆடுறாப்லயா?" "காலேஜு போனதும் நம்ம டிவிஷன் மறந்து போச்சா?"

அவன் என்னைப் பார்த்தான். "கோச் திட்டுவாருண்ணே. நீ சொல்லு, ஆடட்டுமா?"

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இது: "ஒரு மேட்ச்தானடா. நான் பின்னாடி நிக்கிறேன்ல."

நம் கிரவுண்டு உங்களுக்குத் தெரியும். ஃபேக்டரிக்குக் கீழே மலையை வெட்டிச் சமப்படுத்திய இடம். மத்தியானத்துக்கு மேல் பள்ளத்திலிருந்து பனி ஏறும். அதற்காக மேட்சை யாரும் நிறுத்த மாட்டார்கள். நிறுத்தினால் திருவிழாவே முடியாது. அதனால் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கண் தெரியாதபோது குரலால் ஆடுவோம். கோல் கீப்பர் பந்தை எடுக்க முன்னால் வருகிறான் என்றால் "விடு!" என்று கத்தவேண்டும். கத்தினால் பேக் விலகிவிடுவான். கத்தாவிட்டால் பந்து பேக்குடையது. வெளியூர்க்காரர்களுக்கு இது தெரியாது, எங்கள் ஊர்ப் பையன்களுக்குப் பேச்சு வருகிற வயதிலேயே தெரியும்.

மேட்ச் தொடங்கிக் கால் மணி நேரத்தில் பனி வந்துவிட்டது. கூடலூர்க்காரன் வாய்க்காரன். மலையாளமும் தமிழும் கலந்து பேசுவான். "எந்தா காலேஜு, பட்டம் வாங்கிட்டுப் புல்லு மேய வந்தோ?" என்றான்.

"ஆமா சேட்டா. நீங்க முன்னாடியே மேஞ்சுட்டீங்களாமே, மிச்சம் இருக்கான்னு பாக்க வந்தேன்" என்றான் இவன். பனிக்குள் எங்கிருந்தோ எல்லோரும் சிரித்தார்கள். யார் முகமும் தெரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் உயரமாக ஒரு பந்து வந்தது. நான் கோல் லைனிலேயே நின்றேன். அப்போது "விடு! விடு!" என்று ஒரு குரல் கேட்டது. அது என் குரல் மாதிரியே இருந்தது. என் தம்பி குனிந்து விலகினான். பனிக்குள்ளிருந்து கூடலூர்க்காரன் சிரித்துக்கொண்டே வந்து பந்தைக் கோலுக்குள் தட்டிவிட்டுப் போனான். எங்கள் பழக்கத்தை அவனுக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

பாதி ஆட்டத்தில் டீ குடிக்கும்போது என் தம்பிதான் வழி சொன்னான். "இனி 'விடு' வேண்டாம்ணே. அம்மா என்னைக் கூப்பிடுற பேரைச் சொல்லு. அது அந்த ஆளுக்குத் தெரியாது."

அது ஒரு தின்பண்டத்தின் பெயர். சின்ன வயதில் அவன் குண்டாக இருந்ததால் அம்மா வைத்தது. அம்மாவைத் தவிர யாரும் கூப்பிட மாட்டார்கள், அதுவும் வீட்டுக்குள் மட்டும். நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். இங்கேயும் எழுதவில்லை.

"ஏண்டா, மேனேஜர் வந்து நிக்கிறாரு. அவரு முன்னாடி அந்தப் பேரையாடா கத்தச் சொல்றே?"

"மானம் போனா எனக்குத்தான போகும்? நீ கத்துண்ணே."

இரண்டாவது பாதியில் நாங்கள் ஒரு கோல் போட்டுச் சமன் செய்தோம். பனி இன்னும் கெட்டியாகிவிட்டது. நான் நின்ற இடத்திலிருந்து கோல் கம்பம் மட்டும்தான் தெரிந்தது. பக்கத்தில் கோல் லைனுக்கு வெளியே மேனேஜரும் அவர் வீட்டு ஆட்களும் குடையோடு நின்றார்கள். மேனேஜர் யாரிடமோ கேட்பது என் காதில் விழுந்தது. "கீப்பர் யாரு?"

"அது அந்தக் காலேஜு பிளேயரோட அண்ணனுங்க."

எனக்கு அந்த டிவிஷனில் வேறு பெயர் இல்லாமல் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது.

அப்போது பந்து வந்தது. தரையோடு உருண்டு, கம்பத்துக்கு எட்டு, பத்து அடி தூரத்தில். எனக்குத் தெரிந்தது. பந்துக்குப் பின்னால் கூடலூர்க்காரன் ஓடி வரும் சத்தம் கேட்டது. இன்னொரு பக்கம் என் தம்பி திரும்பி ஓடி வரும் சத்தமும் கேட்டது. அவனுடைய காலடிச் சத்தம் எனக்குத் தெரியும். நான் கூப்பிட்டிருக்க வேண்டும். ஒரு சொல்தான். வாய்க்குள் வந்துவிட்டது. மேனேஜர் பக்கத்தில் நின்றார். நான் கூப்பிடாமல் ஓடினேன்.

வெட்கப்பட்டுத்தான் கூப்பிடவில்லை என்று ரொம்ப வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது எழுதும்போது யோசித்துப் பார்க்கிறேன். வெட்கம் மட்டும் இல்லை. அந்தப் பந்தை நான் பிடிக்கவேண்டும், அவர்கள் பார்க்கிற தூரத்தில் பிடிக்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன். கூப்பிட்டால் அவன் விலகியிருப்பான், பந்து எனக்குத்தான் கிடைத்திருக்கும். அதுகூட அந்த நேரத்தில் தோன்றவில்லை.

அவன் வலது காலைத் தரையில் ஊன்றிப் பந்தை வெளியே தட்டப் போனான். நான் பாய்ந்து விழுந்தேன். என் தோளும் முழு உடம்பும் அவன் முழங்காலில் பக்கவாட்டில் போய் மோதின. ஈரமான விறகை முறிக்கிற மாதிரி ஒரு சத்தம். பந்து எங்கே போனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அவன் கத்தவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தான். என் முகத்துக்குப் பக்கத்தில்தான் அவன் முகம் இருந்தது. மெதுவாகக் கேட்டான்.

"ஏண்ணே கூப்பிடல?"

அதற்குள் ஆட்கள் ஓடி வந்தார்கள். கூடலூர்க்காரன், "ஞான் தொடவே இல்ல சாரே!" என்று கத்திக்கொண்டிருந்தான். ரெஃப்ரியாக நின்ற பி.டி. மாஸ்டர் குனிந்து, "என்னாச்சுடா?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் என் தம்பி சொல்லிவிட்டான். "புல்லு வழுக்கிடுச்சுங்க சார்."

மாஸ்டர் என்னைப் பார்த்தார். "அப்படியா?"

"ஆமாங்க சார்" என்றேன்.

பனியில் யாரும் பார்க்கவில்லை. அந்த 'ஆமா'வோடு விஷயம் முடிந்துவிட்டது.

குன்னூர் ஆஸ்பத்திரிக்கு என் பிக்கப்பிலேயே கூட்டிப்போனேன். எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பில் ஒன்றும் இல்லை என்றதும் அம்மா அங்கேயே கையெடுத்துக் கும்பிட்டார். டாக்டர் நல்ல மனிதர். இரண்டு தடவை கேட்டார். "எப்படி விழுந்தே? யாராவது இடிச்சாங்களா? பக்கவாட்டுல அடி பட்டுச்சா?"

"இல்லீங்க. வழுக்கித்தான்" என்றான் அவன். நான் கட்டில் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். யாரோ இடித்தார்கள் என்று சொல்லியிருந்தால் ஸ்கேன் எடுக்கக் கோயம்புத்தூருக்கு அனுப்பியிருப்பார் என்று பின்னால்தான் எனக்குப் புரிந்தது. சுளுக்கு என்று நினைத்து மருந்தும் ஓய்வும் சொல்லி அனுப்பினார். நாங்கள் எண்ணெய் போட்டுக் கட்டுக் கட்டினோம். வீக்கம் வற்றியது. அவன் வாசலில் நடந்து காட்டினான், குதித்தும் காட்டினான். "பாத்தியா, சரியாப் போச்சு" என்றான். எனக்காகத்தான் குதித்தான்.

சென்னைக்கு நானும் கூடப் போனேன். பெரிய கிரவுண்டு, பச்சைப் புல், நல்ல வெயில். எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. முதல் பத்து நிமிஷம் அவன் ஆடினதைப் பார்த்து, தேர்வு செய்கிறவர்கள் இரண்டு பேர் தலையைச் சேர்த்துப் பேசிக்கொண்டார்கள். அதை நான் பார்த்தேன். பிறகு ஒரு பையன் அவனைத் தாண்டப் பார்த்தான். இவன் இடுப்பைப் பார்த்துச் சரியான பக்கம்தான் திரும்பினான். முழங்கால் அவனோடு திரும்பவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"தம்பி, முடியலைன்னா வெளிய வந்துடுங்க" என்று ஒருவர் சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார். அவன் கையை ஊன்றி எழுந்து, லைனுக்கு வெளியே வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து ஷூ கயிற்றை அவிழ்த்தான். ரொம்ப நேரம் அவிழ்த்தான். திரும்பி வரும் ரயிலில் ஜன்னல் பக்கம் என்னை உட்காரச் சொன்னான். "நீ எப்பவும் வண்டி ஓட்டுறவன், வேடிக்கை பாத்துக்கிட்டு வாண்ணே" என்றான்.

இரண்டு வருஷம் கழித்து அம்மா ஓய்வு பெற்றபோது, தோட்டத்தில் பெயர் பதிந்தது அவன்தான். எனக்கு வண்டி இருக்கிறது, சம்பாத்தியம் வெளியில் இருக்கிறது, அதைக் கெடுக்க வேண்டாம் என்றான். மேட்டில் ஏறி இறங்க முடியாததால் ஃபேக்டரியில் போட்டார்கள். கல்யாணம் வேண்டாம் என்றுவிட்டான். நீங்கள் இரண்டு பேரும் பிறந்து வளர்ந்த வீடு அவன் பெயரில் இருந்த வீடு. அவன் போன பிறகுதான் நாம் இந்த வாடகை வீட்டுக்கு வந்தோம்.

பாப்பாவுக்கு ஒரு நாள் ஞாபகம் இருக்கும். டிவியில் மேட்ச் ஓடிக்கொண்டிருந்தது. நீ அவனைச் சீண்டினாய். "சித்தப்பா, பெரிய பிளேயர்னு சொல்றீங்க, புல்லுல போயா வழுக்கி விழுந்தீங்க?"

"என்ன பண்றது பாப்பா, என்னைத் தடுக்க ஆளு இல்லாம கடைசியில புல்லே வந்து தடுத்துருச்சு" என்றான். நீங்கள் உருண்டு உருண்டு சிரித்தீர்கள். சிரிப்புக்கு நடுவில் அவன் ஒரு தடவை என்னைப் பார்த்தான். குற்றம் சொல்லும் பார்வை இல்லை. நான் ஏதாவது சொல்வேனோ என்று பார்த்தான் என்று நினைக்கிறேன். நான் எழுந்து வண்டி கழுவப் போனேன். அன்று காலையில்தான் கழுவியிருந்தேன்.

'ஏண்ணே கூப்பிடல' என்று அவன் அதற்குப் பிறகு கேட்டதே இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்று தெரியவில்லை. அவன் என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னான். நான் அதற்குள் ஒளிந்துகொண்டேன், இத்தனை வருஷம்.

பாப்பா, அந்த வரியை அடித்துவிடு. என்ன எழுதவேண்டும் என்று நீயே முடிவு செய். என் பெயரைச் சேர்த்தாலும் எனக்குச் சம்மதம்.

இதுவரைக்கும் நேற்று எழுதினேன். இன்று ஒன்று சேர்க்கிறேன்.

காலையில் இத்தலாரில் லோடு ஏற்றிக்கொண்டு வரும்போது, நம் பழைய தோட்டத்துப் பக்கம் வண்டியைத் திருப்பினேன். ஃபேக்டரிக்கு மேலே நிறுத்திவிட்டு கிரவுண்டுக்கு இறங்கினேன். யாரும் இல்லை. கற்பூர மரத்தில் நட்ட கோல் கம்பங்கள் அப்படியே இருக்கின்றன, சுண்ணாம்பு மட்டும் போய்விட்டது. பள்ளத்திலிருந்து பனி ஏறிக்கொண்டிருந்தது. இரண்டு கம்பத்துக்கும் நடுவில், கோல் லைன் இருந்த இடத்தில் நின்றேன். எதிர்ப்பக்கத்துக் கம்பம் மறைகிற வரைக்கும் காத்திருந்தேன்.

பிறகு அவன் வீட்டுப் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டேன். அன்றைக்குக் கூப்பிட்டிருக்க வேண்டிய அளவுக்குச் சத்தமாக, ஒரே தடவை.

கூப்பிட்டுவிட்டு நின்ற இடத்திலேயே நின்றேன். அன்றைக்கு மாதிரி முன்னால் ஓடவில்லை.